ஃபிளாஷுக்கும் டார்ச்சுக்கும் எந்த ரீசார்ஜ் செல்? கேள்வி பதில்

கேள்வி: கல்யாண ஃபோட்டோ எடுக்கிறேன். ஆல்கலைன் செல் போட்டால் தாலி கட்டும் நேரத்தில் ஃபிளாஷ் திணறுகிறது. ரீசார்ஜ் செல்லில் 1.2 வோல்ட்தானே, போதுமா?

பதில்: தாராளமாகப் போதும். 1.5 வோல்ட் என்பது புது ஆல்கலைன் செல் சும்மா இருக்கும்போது காட்டுவது. ஃபிளாஷ் ஒவ்வொரு முறை அடித்த பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கண்டென்சரை மறுபடி நிரப்ப ஒரேயடியாக கரண்ட் இழுக்கும், ஆல்கலைனுக்கு உள்மின்தடை அதிகம் என்பதால் அந்த இழுப்பில் வோல்ட் சரிந்துவிடும். நீங்கள் கேட்ட ரீசார்ஜ் செல், அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், கிட்டத்தட்ட தீரும்வரை 1.2ஐ ஒட்டியே நிற்கும். சும்மா வைத்திருந்தால் சார்ஜ் மிக மெதுவாகவே இறங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். 2005ல் சான்யோ கொண்டுவந்த எனலூப் அந்த வகைதான், இப்போது பானசோனிக் பெயரில் வருகிறது. நான்கு செல்லையும் ஒன்றாக வாங்கி, மார்க்கரால் ஒரே எழுத்தைப் போட்டு, கடைசிவரை பிரிக்காமல் வைத்திருங்கள். பழசையும் புதுசையும் கலக்கவே கூடாது.

கேள்வி: 2000 எம்ஏஎச் நல்லதா, 2500ஆ?

பதில்: தினமும் வேலைக்கு என்றால் 2000. எம்ஏஎச் என்பது செல்லின் கொள்ளளவு, அது கூடினால் ஆயுள் குறையும். 2500 எம்ஏஎச் எனலூப் ப்ரோவுக்குக் கம்பெனி சொல்வதே 500 முறை சார்ஜ்தான், சாதா எனலூப்புக்கு அதைப்போல் பல மடங்கு.

கேள்வி: 9900 எம்ஏஎச் 18650 செல் மலிவாகக் கிடைக்கிறது. டார்ச்சுக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம், அந்த எண் பொய். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் உள்ள அந்த உருளைக்குள் நல்ல கம்பெனிகளே 3500 சுற்றித்தான் அடைக்கிறார்கள். தராசில் வையுங்கள், நல்ல செல் 45 கிராமாவது இருக்கும்.

கேள்வி: 2800 எம்ஏஎச் டபுள் ஏ எப்படி?

பதில்: 2500க்குச் சொன்னதுதான்.

கேள்வி: செல்லை முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார்.

பதில்: அது நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு. இன்றைய செல்லைப் பாதியில் சார்ஜ் போட்டால் ஒன்றும் ஆகாது.

மறுபடி அவரே: அப்படியானால் என் சார்ஜரில் 'ரெஃப்ரெஷ்' பட்டன் எதற்கு? தீர்த்துத்தானே ஏற்றுகிறது?

பதில்: நல்ல கேள்வி, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக இறக்குகிறது, ஒரு வோல்ட்டை ஒட்டி வந்ததும் நிறுத்திவிடுகிறது. மாதக்கணக்கில் சும்மா கிடந்து சோர்ந்த செல்லுக்கு எப்போதாவது அது உதவும். டார்ச்சை அணையும்வரை எரியவிடுவது அப்படியல்ல. அங்கே செல்கள் வரிசையில் இருக்கின்றன, பலவீனமானது முதலில் காலியாகும், மற்றவை அதன் வழியாகவே கரண்ட்டைத் தள்ளும்போது அதன் துருவம் தலைகீழாகி செல் நிரந்தரமாகக் கெடும். என் ஃபிளாஷில் ஒரு செட் இப்படித்தான் போயிற்று. வெளிச்சம் மங்கியதும் கழற்றிவிடுங்கள். கலக்காதீர்கள் என்று நான் கத்துவதும் இதனால்தான்.

கேள்வி: 10000 எம்ஏஎச் பவர் பேங்க் என் 5000 எம்ஏஎச் போனை இரண்டு முறை ஏற்றவில்லையே?

பதில்: ஏற்றாது. 10000 என்பது உள்ளே 3.7 வோல்ட்டில் உள்ள கணக்கு. 5 வோல்ட்டுக்கு மாற்றி, வழியில் சூடாகப் போவதையும் கழித்தால் 6000 சொச்சம்தான் வெளியே வரும்.

கேள்வி: இரண்டு பழைய செல், இரண்டு புது செல் போடலாமா?

பதில்: கூடாது. மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். பழைய இரண்டையும் ரிமோட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஃபிளாஷுக்குப் புதுசாக நான்கு வாங்குங்கள்.