பட்டியலைப் பாதியாக்கிக்கொண்டு வாருங்கள்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் கணவர், இரண்டு பிள்ளைகளுடன் மூன்று நாள் பினாங்குக்கு வருகிறோம். சென்ற ஆண்டு ஐரோப்பாவின் பழைய நகரங்களை ஓடி ஓடிப் பார்த்தோம். படங்கள் இருக்கின்றன, ஊர்கள் மனத்தில் தங்கவில்லை. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனையாவது ஆற அமர அனுபவிக்க ஆசைப்படுகிறேன். கணவரோ இப்போதே பதினைந்து இடங்களுக்குப் பட்டியல் போட்டுவிட்டார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, பழைய ஊரின் சூழல் கட்டடங்களில் பாதிதான் இருக்கிறது. அவற்றில் இன்றும் யார் குடியிருக்கிறார்கள், எத்தனை மணிக்குக் கதவைத் திறக்கிறார்கள், எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பதில்தான் மறுபாதி அடங்கியிருக்கிறது. பதினைந்து இடங்களுக்கு ஒருமுறை போவதைவிட ஒரே தெருவுக்கு மூன்று வேளையும் போவது மேல் என்பேன்.

அந்தத் தெருவையும் நானே சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் அதன் பெயர் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். ஊர்க்காரர்களுக்கு இன்னமும் பிட் ஸ்திரீட். ஒரு முனையில் 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சற்றுத் தள்ளி ஊதுபத்திப் புகை ஓயாத குவான் யின் கோயில், பிறகு தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் மொய்தீன் எழுப்பிய பள்ளிவாசல் என, அரைமணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய தொலைவுக்குள் எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இந்தத் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்பதால், கோபுரத்தைப் பார்க்க நீங்கள் குவீன் தெருவுக்குச் சுற்றிப் போகவேண்டும். அப்படிச் சுற்றும்போது பூக்கடைகளும் மளிகைக் கடைகளும் நிறைந்த குட்டி இந்தியாவுக்குள் தானாகவே வந்துவிடுவீர்கள்.

மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. டிசம்பரில் இங்கே பொழுது விடிய ஏழு மணிக்கு மேலாகிவிடும். ஊரில் ஐந்து மணிக்கு எழும் பழக்கம் இருந்தால், இங்கே ஏழரைக்கு, வெயில் ஏறுமுன், தெருவில் இருப்பது உங்களுக்குச் சிரமமே இல்லை. நண்பகலில் நடக்காதீர்கள். நடந்தே தீரவேண்டும் என்றால், கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கடைவீடுகளின் முகப்பை ஒட்டி ஓடும் ஐந்தடி நடைபாதையின் நிழலில் நடங்கள். மற்றபடி சோறும் குழம்பும் பரிமாறும் ஒரு நாசி கண்டார் கடையிலோ கோப்பிக் கடையிலோ உட்கார்ந்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். குட்டி இந்தியாவில் தயங்காமல் தமிழிலேயே பேசுங்கள். முதலில் ஏதாவது வாங்கிவிட்டுப் பேச்சுக் கொடுத்தால், எந்த வழிகாட்டியும் சொல்லாத தெருக் கதைகள் கிடைக்கும். நாகூருக்குப் பக்கத்து ஊர்க்காரரான நீங்கள், சூலியா தெருவில் நாகூர் ஆண்டகையின் பெயரால் இருக்கும் சிறிய தர்காவைப் பார்க்காமல் போகக்கூடாது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே கப்பல் ஓடிய காலத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

தங்குவதற்குப் பழைய நகருக்குள்ளேயே அறை எடுங்கள்; இல்லாவிட்டால் காலையும் மாலையும் வண்டியிலேயே கழிந்துவிடும். ஆனால் கடைவீடுகள் ஒடுங்கி நீண்டவை, பக்கச் சுவர்கள் அடுத்த வீட்டோடு ஒட்டியவை என்பதால், விடுதியாக மாறிய பல வீடுகளில் சன்னலே இல்லாத அறைகள் உண்டு. முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். லவ் லேன் பக்கம் இரவு நெடுநேரம் இரைச்சல் இருக்கும். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அது வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். 2008இல் மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியத் தகுதி கிடைப்பதற்கு முன்பே, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நீங்கியதால் வாடகை ஏறி, தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் பல வெளியேறிவிட்டன. சில தெருக்களில் நீங்கள் காணப்போவது வண்ணம் பூசிய முகப்பும் அதற்குள் ஒரு காப்பிக் கடையும் மட்டுமே. 2012இல் வரையப்பட்ட சுவரோவியங்களின் முன் வரிசையில் நிற்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. பிள்ளைகள் கேட்டால், கூட்டம் சேருமுன் காலையில் ஆர்மேனியன் தெருவுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். கடற்கரையில் மரத்தூண்கள்மேல் நிற்கும் சீனக் குலத்தாரின் படகுத்துறைகளில் சியூ துறைதான் கூட்டம் மிகுந்தது. பக்கத்துத் துறைகள் அமைதியானவை. எல்லாமே மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதால் வாசலுக்குள் எட்டிப் பார்ப்பதும் கேமராவை நீட்டுவதும் கூடாது.

உங்கள் கணவருக்கு ஒரு முழு நாளைக் கொடுத்துவிடுங்கள். பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலை, கெக் லோக் சி பௌத்தக் கோயில், தண்ணீர்மலை முருகன் கோயில் மூன்றும் நகருக்கு மேற்கே இருப்பதால் அவருடைய பட்டியலில் பாதி அன்றே தீர்ந்துவிடும். கோலாலம்பூர் வழியாக வருவதானால் விமானத்தை விட்டுவிட்டு பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஃபெரியில் தீவுக்கு வாருங்கள். பள்ளிவாசலுக்குத் தொழுகை இல்லாத வேளையில் போகலாம். மேலங்கி அங்கேயே தருவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.