தீர்ப்பளித்தவரிடமே முறையீடா?

கேள்வி: பன்னாட்டுத் தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு மென்பொருள் திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளாகத் தமிழாக்கம் செய்துவந்தேன். ஒரு விவாதத்தில் கடுமையாக எழுதியதாகக் கூறி என் கணக்கை முடக்கிவிட்டார்கள். மேல்முறையீடு செய்யக் கேட்டால், முடக்கியவர்களுக்கே எழுதச் சொல்கிறார்கள். இத்தகைய குழுக்களில் நியாயம் கேட்க வழியே கிடையாதா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்தத் திட்டம் தனக்கென எழுதிவைத்திருக்கும் விதிகளைப் பொறுத்தது அது. சில திட்டங்களில் தொடங்கியவர் சொல்வதே சட்டம். வேறு சிலவற்றிலோ, சங்கங்களின் துணைவிதிகளைக் காட்டிலும் நுணுக்கமான ஏற்பாடுகள் உண்டு.

கணினிக்கான இயங்குதளம் ஒன்றை உருவாக்கும், 1993-இல் தொடங்கிய டெபியன் லினக்ஸ் திட்டம் அப்படிப்பட்டது. பல நாடுகளிலிருந்து ஊதியமின்றி உழைக்கும் அதன் உறுப்பினர்கள், 1998-இல் தங்களுக்கென ஓர் அமைப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். திட்டத் தலைவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுகிறார். பொறுப்பாளர்களை அவர் நியமிக்கலாம், ஆனால் அவர்கள் எடுத்துவிட்ட முடிவை அவரால் மாற்ற முடியாது. மாற்றும் அதிகாரம் உறுப்பினர்களின் பொது வாக்கெடுப்புக்கு உண்டு. அந்த வாக்கெடுப்பைக் கோர எத்தனை பேர் வழிமொழிய வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி, அல்லது ஐந்து, இவற்றுள் எது சிறியதோ அது. ஆயிரம் உறுப்பினர் என்று வைத்துக்கொண்டால் வர்க்கமூலத்தில் பாதி ஏறத்தாழ பதினாறு; ஆகவே ஐந்து பேர் போதும். பத்துப் பேர் வழிமொழிந்து, தீர்மானத்திலும் அவ்வாறு எழுதியிருந்தால், எதிர்க்கப்படும் முடிவு உடனே நிறுத்திவைக்கப்படும். சிறுபான்மையினரின் குரல் அமுங்கிவிடாதபடி இத்தனை தாழ்வாக வாசற்படியை அமைத்தவர்களை நான் மெச்சுகிறேன்.

டெபியனில் உறுப்பினரை நீக்கும் விஷயத்துக்கு 2019-இல் தனி நடைமுறை வந்தது. நீக்கப்பட்டவர் 30 நாள்களுக்குள் முறையிடலாம். உறுப்பினர்களைச் சேர்க்கவும் நீக்கவும் பொறுப்பான கணக்கு மேலாளர்கள் தங்கள் காரணத்தை எழுத, அவர் மறுமொழி தர, வேறொரு குழு வாக்களிக்கும். நீக்கிய மேலாளர்களுக்கு அதில் வாக்கு இல்லை. முறையீடு முடியும்வரை தண்டனை நீடிக்கும் என்பது மட்டும் சற்றுக் கசப்பானது.

தலைமையைக் கட்டுப்படுத்தும் விதி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை ரஸ்ட் நிரல்மொழிச் சமூகம் காட்டியது. நடத்தை விதிகளைக் கண்காணித்த குழுவினர் அனைவரும் 2021 நவம்பரில் பதவி விலகினார்கள். திட்டத்தின் தலைமையில் இருந்த மையக் குழு தன்னைத் தவிர வேறு யாருக்கும் பதில்சொல்லக் கடமைப்படாத இடத்தில் இருக்கிறது என்பது அவர்கள் குறை. புதிய தலைமை மன்றம் 2023-இல்தான் அமைந்தது.

உங்கள் நிலைக்கு வருவோம். முடக்கியவர்களுக்கே எழுதச் சொன்னால் எழுதுங்கள். ஆனால், 'நான் செய்தது தவறல்ல' என்று வாதாடித் தொடங்காதீர்கள். நீங்கள் எழுதிய எந்த வரி, நடத்தை விதியின் எந்தப் பிரிவை மீறியது, முடக்கம் எத்தனை நாளைக்கு என்று கேட்டு, முடிவில் பங்குகொள்ளாத ஒருவரேனும் மறுபரிசீலனையில் இருக்கவேண்டும் எனக் கோருங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். படிப்பவரும் தம் ஓய்வு நேரத்தில்தான் படிக்கிறார். நீங்கள் எழுதியது உண்மையிலேயே கடுமையாக இருந்திருந்தால், அதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிடுங்கள். உங்கள் தமிழாக்கம் கட்டற்ற உரிமத்தில், அதாவது யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் உரிமத்தில், வெளியாகியிருந்தால், அந்த உரிமத்தின்படி அதை வேறொரு திட்டத்துக்கு எடுத்துச் செல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை.