லென்ஸே இல்லாமல் ஊசித்துளை வழியே படமெடுக்கும் பின்ஹோல் கேமராவில் சூரியன் பக்கம் திருப்பினால் வானவில் கீற்று விழுவது ஏன்? எப்படிக் குறைப்பது?

லென்ஸ் இல்லாததால், கண்ணாடிகளுக்குள் ஒளி மோதி வரிசையாக விழும் வட்டங்கள் பின்ஹோலில் வராது. கீற்று விழுந்தால் முதலில் துளை போட்ட தகட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

துளைக்கும் ஃபிலிமுக்கும் 50 மி.மீ. இடைவெளி என்றால் துளை சுமார் 0.3 மி.மீ. இருக்க வேண்டும். பலரும் துளை போடும் குளிர்பான டின் தகட்டின் கனமோ ஏறக்குறைய 0.1 மி.மீ. விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம், அதாவது ஒரு குட்டிச் சுரங்கம். சாய்வாக வரும் வெயில் அதன் பளபளச் சுவரில் பட்டுத் தெறித்தால் ஃபிலிமில் நீளக் கீற்று. விளிம்பில் பிசிறு இருந்தால் சூரியனைச் சுற்றி முள் முள்ளாகக் கிளம்பும். நிறங்களுக்குக் காரணம் விளிம்பு விளைவு, அதாவது துளையின் விளிம்பில் ஒளி வளைந்து விரிவது: சிவப்பு நீலத்தைவிட அகலமாக விரியும். இது எல்லாத் துளையிலும் உண்டு, சூரியன் மாதிரி பிரகாசத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். இதை ஒழிக்க வழியில்லை.

மற்றவற்றைக் குறைக்கலாம். 0.05 மி.மீ. பித்தளைத் தகடு எடுங்கள். அட்டைமேல் வைத்து ஊசியால் குழி மட்டும் விழும்படி அழுத்துங்கள், குத்திவிடாதீர்கள். பின்பக்கம் புடைத்த மேட்டை 600, பிறகு 1000 நம்பர் எமரி பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் துளை தானாகத் திறக்கும். ஊசி நுனியை இருபக்கமும் லேசாகச் சுழற்றி, மறுபடி தேயுங்கள். ஸ்கேனரில் 2400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) பாருங்கள்: 0.3 மி.மீ. துளை 28 பிக்சல் அகல வட்டமாகத் தெரிய வேண்டும். மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் வேலை பாக்கி.

அடுத்து கருப்பு. பலர் தகட்டின் முன்பக்கத்தைப் பூசிவிட்டு, ஃபிலிமைப் பார்க்கும் பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். முக்கியம் அதுதான். ஃபிலிமில் பட்டுத் திரும்பும் ஒளி பளபளத் தகட்டில் மோதி மறுபடி ஃபிலிமுக்கே வந்து படத்தை வெளிறவைக்கும். மார்க்கர் மை மினுங்கும், துளையையும் அடைக்கும். அதைவிட மெழுகுவர்த்திக் கரி மேல். பெட்டிக்குள் மினுப்பில்லாத கருப்பு பெயிண்ட்.

சூரியன் காட்சிக்கு வெளியே இருந்தும் படம் வெளிறினால், எக்ஸ்போஷர் (ஃபிலிமில் ஒளி விழும் நேரம்) முடியும்வரை உள்ளங்கை நிழல் துளைமேல் விழும்படி பிடியுங்கள், கை காட்சிக்குள் வராமல். சூரியன் காட்சிக்குள் இருந்தால் இது உதவாது.

சந்தேகம் தீர, அதே காட்சியை நோக்கியபடியே கேமராவை 90 டிகிரி சாய்த்து, பக்கவாட்டில் படுக்கவைத்து இன்னொரு படம் எடுங்கள். முட்களும் கூடவே திரும்பினால் தகட்டில் பிசிறு. சூரியன் எங்கிருந்தாலும் ஃபிலிமின் ஒரே மூலையில் வெளிறல் என்றால் துளையை விடுங்கள், பெட்டியின் மூடி இடுக்கில் ஒளி கசிகிறது.