ரிப்போர்ட்டுக்காக மாத்திரை வேண்டாம்

கேள்வி: 70 வயது மாமியாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. முழு உடல் பரிசோதனையில் யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) ‘ஈ.கோலை, ஈஎஸ்பிஎல் பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. வீட்டில் மீதியிருந்த செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கொடுத்தோம். ‘நியூ டெல்லி’ கிருமி பற்றி இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. ஒரு வயதுக் குழந்தையை அவரிடம் விடலாமா?
– வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: தாராளமாக விடுங்கள். கழிப்பறை போய்வந்ததும், சாப்பாட்டைத் தொடும் முன்பும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். தனி அறை, தனித் தட்டு எல்லாம் வேண்டாம். பெரியவர் மனம்தான் நோகும்.

நீங்கள் படித்தது என்டிஎம்-1 பற்றி. ‘என்டி’ என்றால் நியூ டெல்லி. அது கிருமியே அல்ல, பாக்டீரியா உருவாக்கும், மருந்தைச் சிதைக்கும் ஒரு நொதி (என்சைம்). டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய சுவீடன்வாசி ஒருவரிடம் 2008-ல் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது வேறு.

என் கவலை அந்த செஃபிக்ஸிம்தான். ஈஎஸ்பிஎல் என்பதும் ஒரு நொதி. உங்கள் மாமியாரின் சிறுநீரில் இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா அதை உருவாக்குகிறது. செஃபிக்ஸிமை உடைப்பதே அதன் வேலை. அப்படியென்றால் மாத்திரை யாரைக் கொன்றது? குடலில் சும்மா இருந்த சாதுவான பாக்டீரியாக்களை. காலியான இடத்தில் எதிர்ப்புள்ளவை பெருகும். அதோடு முடிவதில்லை. அந்த நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் இருக்கிறது. ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டு அதன் நகலைக் கொடுத்துவிடும். சமையல் குறிப்பை எழுதிக் கொடுப்பது மாதிரி, கொடுத்தவரிடமும் இருக்கும், வாங்கியவரிடமும் இருக்கும். ஈ.கோலையிடமிருந்து கிளெப்சியெல்லாவுக்கு, அதாவது வேறு இனத்துக்கே கூடப் போகும். ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்திருப்பதும் சகஜம். ஒரு மருந்தைத் தேவையில்லாமல் விழுங்கினால், நீங்கள் தொடாத மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்தே வளரும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஷிகெல்லாவில் ஜப்பானியர்கள் 1950களிலேயே இதைக் கண்டார்கள். இன்றும் நாம் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கடன் கொடுக்கிறோம்!

தொந்தரவே இல்லாதவருக்கு, சர்க்கரை இருந்தாலும், கல்ச்சர் ரிப்போர்ட்டைச் சுத்தமாக்க ஆன்டிபயாடிக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப் பாதையில் சில அறுவை சிகிச்சைகளுக்கு முன்பும்தான் விதிவிலக்கு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அதோடு விலாவின் பின்புறம் வலி, வாந்தி, பேச்சில் குழப்பம் என எது சேர்ந்தாலும், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று இருக்காதீர்கள். கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள். இந்த ரிப்போர்ட்டையும் எடுத்துப்போய் முதலில் காட்டுங்கள். வேலை செய்யாத ஊசியில் நேரம் போகாமல், சரியான மருந்தை அவர்கள் உடனே தொடங்க முடியும்.