பொம்மையின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்: கேள்வி பதில்

பொம்மைச் சரக்கு கப்பலேறும் முன் பெட்டியைப் பிரித்துச் சோதிப்பது பல ஆண்டுகளாக என் பிழைப்பு. காசு போட்டுக் கொக்கியால் தூக்கும் பரிசு இயந்திரப் பொம்மைகளும் சுற்றுலா நினைவுப் பொருள்களும் எங்கே பிறக்கின்றன என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை. எல்லோருக்கும் ஒரே நீளத்தில் பதில் வராது.

கேள்வி: கொக்கி இயந்திரத்தில் விழும் கரடி பொம்மைகள் எங்கே செய்யப்படுகின்றன?

பதில்: பெரும்பாலும் சீனாவில். ஆனால் அது விலாசம் ஆகாது. பஞ்சுப் பொம்மைக்குப் பேர்போன ஊர் ஜியாங்சு மாகாணத்தின் யாங்சோ. பிளாஸ்டிக் பொம்மை என்றால் குவாங்டோங் மாகாணத்தில் ஷான்டோவைச் சேர்ந்த செங்ஹாய். பலர் பெயர் சொல்லும் ஈவூ என்ற சீன ஊர் ஒரு மொத்த வியாபாரச் சந்தை. அங்கே வாங்கியதெல்லாம் அங்கே செய்ததல்ல. வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் ஆலைகள் உண்டு.

ஏன் இப்படி இடம் மாறுகிறது? கரடியைக் கையில் எடுங்கள். முதுகில் ஒரு விரல் நீளத்துக்குத் தையல் வேறுமாதிரி இருக்கும். மற்றவை முடிக்குள் ஒழுங்காக மறைந்திருக்க, இது மட்டும் லேசாகச் சுருங்கியிருக்கும். துணியை உட்புறம் வெளியே தெரியத் தைத்து, அந்த வாய் வழியாகப் புரட்டி, குழாயால் பஞ்சை ஊதி நிரப்பிய பின், ஒருவர் ஊசி நூலால் மூடிய இடம் அது. வெட்டுவதற்கும் நிரப்புவதற்கும் இயந்திரம் இருக்கிறது. தைப்பதற்கு ஆள் வேண்டும், மூடுவதற்குக் கை வேண்டும். கூலி ஏறினால் ஆலை கூலி குறைந்த இடத்துக்கு நகர்ந்துவிடும்.

பொம்மையைக் கையில் எடுத்தீர்கள் அல்லவா, அப்படியே கண்ணையும் இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: அந்தக் கொக்கி வேண்டுமென்றே நழுவவிடுகிறதா?

பதில்: இயந்திரம் பழுதுபார்ப்பவரைக் கேளுங்கள். என் வேலை கொக்கியில் மாட்டுகிற பொருளோடு சரி.

கேள்வி: பாரிஸில் வாங்கிய ஈபிள் கோபுரச் சாவி வளையம் பாரிஸில் செய்ததுதானே?

பதில்: தெருவில் கொத்துக்கொத்தாக விற்பது என்றால், பெரும்பாலும் சீனாவில் துத்தநாகக் கலவையை உருக்கி வார்த்து முலாம் பூசியது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தங்களின் கதை இன்னும் சுவையானது. ரப்பர் அச்சில் பிசினையும் கல் மாவையும் கலந்து ஊற்றி, இறுகியதும் தூரிகையால் வண்ணம் தீட்டுவார்கள். ஓரம் உடைந்தால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது அந்த மாவுதான். கடல், படகு, தென்னை மரம் உள்ள அச்சு ஒன்றிருந்தால் போதும். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி எந்தக் கடற்கரைக்கும் அனுப்பலாம்.

கேள்வி: பார்கோடு 690 என்று தொடங்கினால் சீனப் பொருள், இல்லாவிட்டால் இல்லை. இவ்வளவு எளிதாகக் கண்டுபிடிக்கலாமே?

பதில்: முடியாது. 690 முதல் 699 வரை சீனாவின் பதிவு அமைப்பு வழங்கும் எண்கள். எண்ணை வாங்கிய நிறுவனம் எங்கே பதிந்தது என்பதைத்தான் அவை சொல்லும். ஆலை வேறெங்கும் இருக்கலாம்.

கேள்வி: (அதே நண்பர்) என்னிடம் இருப்பது 489. அது ஹாங்காங் எண். அப்படியானால் ஹாங்காங்கில் செய்தது என்றுதானே பொருள்?

பதில்: நல்ல உதாரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். ஒரு காலத்தில் ஹாங்காங் பொம்மைத் தொழிலில் கொடிகட்டிப் பறந்தது. 1980களில் ஆலைகள் எல்லை தாண்டிக் குவாங்டோங்குக்குப் போயின. அலுவலகங்கள் ஹாங்காங்கிலேயே தங்கின. எண் அலுவலகத்தினுடையது, பொம்மை ஆலையினுடையது.

கேள்வி: (குறுக்கிட்ட இன்னொருவர்) பார்கோடு போகட்டும். சி.இ. முத்திரை என்றால் 'சீன ஏற்றுமதி' என்று ஆங்கிலத்தில் சுருக்கம்தானே?

பதில்: இல்லை. ஐரோப்பிய விதிகளுக்குப் பொருள் உட்பட்டது என்று உற்பத்தியாளர் தானே தரும் உறுதிமொழி அது. பொய்யாகக் குத்துகிறவர்களும் உண்டு. அதனால் அதன் பொருள் மாறிவிடாது. எந்த நாட்டில் செய்தது என்பதை அது சொல்லவே சொல்லாது.

கேள்வி: ஜப்பான் பரிசு இயந்திரங்களில் கிடைக்கும் கதாபாத்திர உருவப் பொம்மைகள் கடைப் பொம்மையை விட ஏன் எளிமையாக இருக்கின்றன?

பதில்: அங்கே பரிசின் மதிப்புக்கு உச்சவரம்பு உண்டு. நெடுநாள் சுமார் 800 யென்னாக இருந்தது, 2022இல் 1,000 யென் ஆனது. அதற்குள் அடக்க வேண்டுமென்றால் பாகங்களையும் வண்ணப் பூச்சுகளையும் குறைத்தாக வேண்டும். உற்பத்தி பெரும்பாலும் ஜப்பானுக்கு வெளியேதான். கால் இடுக்கில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு அப்படியே நிற்கும். விலை உயர்ந்ததில் அதைத் தேய்த்திருப்பார்கள்.

கேள்வி: பார்கோடு 890 என்றால்?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: பார்கோடே இல்லாவிட்டால்?

பதில்: நிம்மதி.

கேள்வி: பொம்மை ஆலைகளில் வேலை ஆபத்தானதா?

பதில்: 1993 மே மாதம் தாய்லாந்தின் நக்கோன் பாத்தோமில் ஒரு பொம்மை ஆலை எரிந்து 188 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் சீனாவின் ஷென்ஜென்னில் இன்னொன்றில் 87 பேர். தப்பிக்க வழிவிடாமல் பூட்டிய கதவுகள் பல உயிர்களை வாங்கின. அதனால்தான் இன்றும் ஓர் ஆலைக்குள் நுழைந்தால் பொம்மையைத் தொடும் முன் வெளியேறும் கதவைத் தள்ளிப் பார்க்கிறேன்.

கேள்வி: (பார்கோடு நண்பர்) நீங்கள் சொன்னபடி கண்ணை இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. பின்னால் வெறும் பசை.

பதில்: நல்ல பொம்மையில் துணிக்குப் பின்னால் ஒரு வளையம் கண்ணைப் பிடித்திருக்கும். ஐரோப்பியச் சோதனையில் இதுபோன்ற கண்ணை 90 நியூட்டன் விசையால், ஏறக்குறைய 9 கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல, இழுத்துப் பார்ப்பார்கள். பொம்மையை உடனே குழந்தையிடமிருந்து வாங்கிவிடுங்கள். இன்னொரு கண்ணும் அதே பசையில்தான் நிற்கிறது.