விதைப்பை ஆபரேஷனுக்குப் பிறகு வலி: கேட்டவையும் சொன்னவையும்

அறுவை சிகிச்சை வார்டில் 20 வருடம் ஆண் செவிலியராக இருந்தவன் நான். வலி எங்கே என்று கேட்டால் நோயாளிகள் தொடை, இடுப்பு என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில்தான் இடத்தைச் சொல்வார்கள். இங்கே கூச்சம் வேண்டாம், நேராகவே கேளுங்கள்.

அண்ணா, விதைப்பையில் நீர் கோத்து ஆபரேஷன் செய்து 5 நாள் ஆகிறது. வீக்கம் பழைய அளவே இருக்கிறது. நீர் திரும்பிவிட்டதா?

இல்லை தம்பி, இவ்வளவு சீக்கிரம் நீர் திரும்பாது. விதையைச் சுற்றியிருக்கும் உறையை வெட்டி, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்துத் தைக்கிறார்கள். அந்தப் புண் ஆறும்வரை வீக்கம் இருக்கும், தொட்டால் கெட்டியாக இருக்கும். தோல் நாவல்பழ நிறத்துக்கு மாறலாம். வலி ஒரு வாரத்தில் நன்றாகக் குறையும். வீக்கம் வடிய 4 முதல் 6 வாரம், சிலருக்கு 3 மாதம்கூட ஆகும். லுங்கியோடு காற்றாட இருப்பதுதான் சுகம் என்று பலர் நினைக்கிறார்கள். தாங்கல் இல்லாமல் தொங்கினால் வலி கூடும். பிடிப்பான ஜட்டி போடுங்கள். படுக்கும்போது சின்னத் துண்டைச் சுருட்டி அடியில் வையுங்கள்.

அறுத்தது கீழே, வலிப்பது அடிவயிற்றில். ஏன் சார்?

கருவில் விதை உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் கீழே இறங்குகிறது. நரம்பும் ரத்தக்குழாயும் மேலேயிருந்து அதோடு கூடவே வருகின்றன. அதனால்தான் வயிறும் சேர்ந்து வலிக்கிறது.

வீட்டுக்காரர் வலியே இல்லை என்கிறார். ஆனால் கழிப்பறையிலிருந்து வியர்த்துப்போய் வருகிறார்.

முக்குகிறார் அம்மா. டிராமடால் மாதிரி வலி மாத்திரை மலத்தை இறுக்கும். தண்ணீர், கீரை, பழம் கொடுங்கள். போதவில்லை என்றால் டாக்டரிடம் மலமிளக்கி கேளுங்கள். மாத்திரையை வலி உச்சத்துக்குப் போகும்வரை தள்ளிப்போடாமல், எழுதிய நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள்.

பைக் எப்போது ஓட்டலாம்?

பொதுவாக 2 வாரம் கழித்து. டாக்டர் சரி என்ற பிறகு மட்டும்.

என் மகனுக்கு 15 வயது. விதை முறுக்கிக்கொண்டதால் ஒன்றை எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்திலேயே வலிக்கிறது என்கிறான்.

அவன் சொல்வதை நம்புங்கள் அம்மா. காலை இழந்தவருக்கு இல்லாத காலில் வலிப்பது போல இதுவும் வரும். ஆனால் புண்ணிலும் கோளாறு இருக்கலாம், டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மற்ற விதை திடீரென்று வலித்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். முறுக்கினால் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் விதையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு.

எந்த வலிக்குப் பயப்பட வேண்டும்?

குறைந்த பிறகு மறுபடி ஏறும் வலிக்கு. 101 டிகிரி காய்ச்சல், சீழ், சிறுநீர் அடைப்பு, சில மணி நேரத்தில் பெரிதாகும் வீக்கம் எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 3 மாதம் தாண்டியும் வலி நீடித்தால் யூராலஜி (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்பு சிகிச்சை) டாக்டரைப் பாருங்கள்.

ஒருநாள் நைட் டியூட்டியில் ஒருவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, “ஒன்றுமில்லை சார்” என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. விலக்கிப் பார்த்தால் தேங்காய் அளவு வீக்கம், தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. அன்றிரவே திறந்து எடுத்தார்கள். “சாயங்காலம் சிஸ்டர் கேட்டாங்க சார், எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்” என்றார் மறுநாள்.