தீபாவளி மதியக் கூட்டத்தை ஒரு வாரம் தள்ளுங்கள்

தீபாவளி முடிந்த கையோடு வரும் ரோட்டரிக் கழக வாரக் கூட்டத்தில் கோழிப் புரியாணி போட நினைத்தால் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். அது கந்தசஷ்டி வாரம், அமாவாசைக்கு மறுநாளிலிருந்து ஆறு நாள், திருகோணமலையில் விரதம் பிடிக்கிறவர்கள் நிறையப் பேர், அவர்களை வெறும் தண்ணீரோடு மேசையில் உட்கார வைக்காதீர்கள், பாவம். சூரன்போரும், விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணையும் முடியட்டும். ரோட்டரியில் 2016 முதல் வாராவாரம் கூட வேண்டும் என்ற கட்டாயமில்லை, மாதம் இரண்டு கூட்டம் போதும். தள்ளவே முடியாதென்றால் முழுக்க மரக்கறிதான், ஒருநேரம் சாப்பிடுகிறவர்களாவது கைநனைப்பார்கள். அப்புறம், தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு வேண்டாம் என்று சமையல்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், கைப்பழக்கத்தில் போட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா முடிந்து முஸ்லிம் உறுப்பினர்கள் வந்து சேரும்வரை பரிமாற வேண்டாம்.